ஸ்காபரோ, டிசம்பர் 2013

18, புதன்
காற்றுக் கல்லை, பம்புக் குழாயின் நுனியில் குமிழி விடும் கல்லை, குளத்தின் அடியிலிருந்து தூக்கிப் பாதி ஆழத்தில் கட்டினேன். 4 பாகையில்தான் நீர் மிகக் கனமாக இருக்கும். அது அடியில் தங்கும், மீன்கள் அதற்குள் குளிர்காலத்தைக் கழிக்கும். கல் கீழே கிடந்தால் குமிழிகள் அந்த நீரையும் மேலே இழுத்துக் குளிர வைத்துவிடும். போகும்போது இவர் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். மாமியைப் பற்றிப் பேசவே இல்லை.

20, வெள்ளி
வெள்ளையன் சுவரோரமாக. செவுள் மட்டும் அசைகிறது.

21, சனி
உறைபனி மழை. கொடிக் கம்பி விரல் தடிமனுக்குக் கண்ணாடியாகிவிட்டது. எங்கோ மரம் முறிகிறது. பம்ப் ஓடுகிறது.

22, ஞாயிறு
விடியுமுன்பே மின்சாரம் போய்விட்டது. குமிழி நின்ற இடம் அதற்குள் மூடத் தொடங்கியிருந்தது. குளிர்ந்த நீரில் பிராணவாயு அதிகம் கரையும், மீன்களும் மூச்சைக் குறைத்துக்கொள்ளும், கொஞ்சம் தாங்கும். என் பயமெல்லாம் அடியில் அழுகும் இலைகள்தான். அந்த வாயு வெளியேற வழி வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் உதவுவதற்குச் சுத்தியலோடு வந்தார், கெஞ்சித் தடுத்தேன். பனிக்கட்டியை அடித்தால் அதிர்வு நேரே மீனின் உடம்பில் இறங்கும். எரிவாயு அடுப்பைத் தீக்குச்சியால் பற்றவைத்து, பெரிய பானையில் நீரைக் கொதிக்கவைத்து, காதில் கயிறு கட்டிப் பானையை அப்படியே பனிக்கட்டியின் மேல் வைத்தேன். மெல்ல மெல்ல இளகி, பானையடி அளவுக்கு வட்டமாகத் திறந்தது. குனிந்து முகர்ந்து பார்த்தேன். அழுகல் நாற்றம் இல்லை.

23, திங்கள்
ரொறன்ரோவில் ஏறத்தாழ 300,000 மின் இணைப்புகள் இருளில் மூழ்கின என்கிறது கார் வானொலி. அக்கா தன் வீட்டுக்கு வரச் சொல்கிறாள். இரவில் பானை வைப்பது யார்?

இவர் யாழ்ப்பாணத்திலிருந்து அழைத்தார். மாமிக்கு எப்படி என்று கேட்டேன். குளம் எப்படி என்று கேட்டார்.

24, செவ்வாய்
கார் பேட்டரியிலிருந்து வீட்டு மின்சாரம் எடுக்கும் இன்வெர்ட்டர் கிடைத்தது. காரைக் கராஜுக்கு வெளியே நிறுத்தி வயர் இழுத்தேன். உள்ளே ஓட்டினால் புகையே ஆளைக் கொன்றுவிடும். பம்ப் உறுமியது, குமிழி வரவில்லை. குழாய்க்குள் ஈரம் உறைந்து அடைத்திருந்தது. வீட்டுக்குள் கொண்டுவந்து, வெந்நீரில் நனைத்த துண்டால் சுற்றி, மடியில் வைத்திருந்தேன். ஊசி நீளத்துக்கு ஒரு பனிக்கட்டித் துண்டு வழுக்கி விழுந்தது. பிறகு குமிழி வந்தது. அழுதுவிட்டேன்.

25, புதன்
அடியில் 3 பாகை. வெள்ளையனைக் காணவில்லை.

26, வியாழன்
காணவில்லை. இவரிடம் சொல்லவில்லை. மாமி கஞ்சி குடித்தாராம்.

27, வெள்ளி
பிற்பகல் மின்சாரம் வந்தது. பம்பை வீட்டு இணைப்புக்கு மாற்றிவிட்டேன். பனிக்கட்டியின் மேல் பனி கொட்டிக்கிடக்கிறது. வெளிச்சம் இறங்காவிட்டால் உள்ளே செடிகள் பிராணவாயு தராது. விளிம்பில் நின்றபடியே நீளத் துடைப்பத்தால் தள்ள வேண்டும். வடக்கு மூலையில் முதலில். அங்கே இன்னும் தேடவில்லை.