ஓடையும் வலையும்: பொகீப்சி நாட்குறிப்பு, 2024

மார்ச் 3, ஞாயிறு

ஃபானஸ்டாக் பூங்காவில் மேப்பிள் பாகு காய்ச்சுகிறார்கள் என்று வகுப்பில் யாரோ சொல்லிவிட்டார்கள். காலையிலிருந்து பாப்பாவின் நச்சரிப்பு. போனோம்.

இரவில் உறைய வேண்டும், பகலில் இளக வேண்டும். இரண்டும் மாறி மாறி வந்தால்தான் மரத்துக்குள் அழுத்தம் ஏறி இறங்கிச் சாறு வடியும். தண்டில் சின்னத் துளை, அதில் ஒரு குழாய், கீழே வாளி. ஒரு சொட்டை நாக்கில் விட்டுப் பார்த்தேன். பதநீர் குடித்து வளர்ந்த நாக்குக்கு அது வெறும் தண்ணீர். விழுங்கிய பிறகுதான் எங்கோ ஓர் இனிப்பு. 40 லிட்டர் காய்ச்சினால் 1 லிட்டர் பாகு தேறும். கொட்டகை முழுக்க ஆவி. அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தவர் விறகு தள்ளியபடியே பிள்ளைகளின் கேள்விகளுக்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னார்.

விசாவுக்காக ஊரில் காத்திருக்கும் பாப்பாவின் அப்பாவுக்குப் படங்களை அனுப்பினேன். அங்கே நள்ளிரவு தாண்டியிருக்கும்.

மார்ச் 5, செவ்வாய்

அவருடைய விசா நிலையைக் காட்டும் இணையப் பக்கத்தில் அதே வரி.

மார்ச் 7, வியாழன்

மழைக்காகக் காத்திருக்கிறோம். தன்னார்வலர் குழுவில் எல்லோரும் வானிலைப் படத்தையே பகிர்கிறார்கள். தரை இளகியிருக்க வேண்டும், இருட்டிய பிறகு மழை பெய்ய வேண்டும், வெப்பம் 40 ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே போகக் கூடாது. மூன்றும் சேர்ந்த முதல் ராத்திரியில் காட்டுக்குள் மண்ணுக்கடியில் கிடந்த, பல்லி மாதிரி இருக்கும் சாலமாண்டர்களும் தவளைகளும் மொத்தமாகக் கிளம்பும். வசந்தத்தில் மட்டும் நிறைந்து கோடையில் வற்றிப்போகும் குட்டைகள்தான் அவை போகும் இடம். அந்தக் குட்டைகளில் மீன் கிடையாது, அதனால் முட்டை பிழைக்கும். நடுவே நாம் போட்ட தார்ச்சாலை.

ஹட்சன் பள்ளத்தாக்கு முழுக்க, சாலையோரம் நின்று இவற்றைக் கையில் எடுத்து அந்தப் பக்கம் விட ஆள் சேர்க்கும் வேலையை நியூயார்க் மாநிலச் சுற்றுச்சூழல் துறை 2009 முதல் செய்துவருகிறது. கையில் லோஷன் கூடாது, சானிடைசர் கூடாது. அவற்றுக்குத் தோல் வழியாகவும் மூச்சு. இரண்டு நாளாகத் தலைக்கு எண்ணெய்கூட வைக்கவில்லை.

மார்ச் 9, சனி (எழுதும்போது ஞாயிறு ஆகிவிட்டது)

தூக்கம் வரவில்லை, எழுதிவிடுகிறேன்.

மாலையே மழை பிடித்துக்கொண்டது. எதிர்வீட்டுத் தெலுங்கு அக்காவிடம் பாப்பாவை விட்டுவிட்டுப் போனேன். ஒளிரும் சட்டை, தலையில் விளக்கு, கையில் பதிவுத்தாள் சொருகிய பலகை. பூங்காவை ஒட்டிய சாலையில் ஐந்தாறு பேர், பெரும்பாலும் என் அம்மா வயதுக்காரர்கள். யாரும் அதிகம் பேசவில்லை. ஒவ்வோர் அடியையும் பார்த்து வைக்க வேண்டும். ஈர இலை எது, உயிர் எது என்று பிரிக்கவே கண்ணுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

முதலில் 'வுட் ஃப்ராக்' என்னும் காட்டுத்தவளைதான் வந்தது. கண்ணைச் சுற்றிக் கறுப்புப் பட்டை, பழுப்பு உடம்பு. பனிக்காலத்தில் இது இலைச்சருகுக்கடியில் அப்படியே உறைந்துபோகும். உடம்பு நீரில் பாதிக்கு மேல் பனிக்கட்டியாகிவிடும், இதயம் நின்றுவிடும், மூச்சும் இருக்காது. கல்லீரல் சுரந்துவிட்ட சர்க்கரைதான் செல்களைக் காப்பாற்றி வைத்திருக்கும். பனி இளகியதும் இதயம் தானாகத் துடிக்கத் தொடங்கும். என் உள்ளங்கையில் உட்கார்ந்திருந்தது அப்படி நின்றுபோய்த் திரும்பிய ஓர் இதயம். எந்தப் பக்கம் பார்த்து நின்றதோ அந்தப் பக்கமே கொண்டுபோய் விட்டேன். திசையை நாம் மாற்றக் கூடாது.

பிறகு சாலமாண்டர். ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவு, கறுப்பு உடம்பில் இரண்டு வரிசை மஞ்சள் பொட்டு. குளிர்ந்து, வழவழவென்று, அவசரமே இல்லாமல் விரல்களுக்கு மேல் ஏறி நடந்தது. இருபது வருடம்கூட வாழுமாம். தான் பிறந்த குட்டைக்கேதான் ஒவ்வொரு வசந்தத்திலும் திரும்பும்.

நசுங்கிக் கிடந்தவற்றையும் எண்ணி எழுத வேண்டும். அதற்கும் தாளில் ஒரு பத்தி இருக்கிறது. வேகமாகப் போன ஒரு வண்டிக்குப் பிறகு அந்தப் பத்தியில் நான்தான் எழுதினேன். எழுதும்போது கை நடுங்கியது. குளிரால் இல்லை.

மார்ச் 10, ஞாயிறு

கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியாயிற்று. இனி ஊருக்கும் இங்கேயும் ஒன்பதரை மணி நேரம்தான். ஒரு மணி நேரம் கிட்டே வந்துவிட்டார் என்று பாப்பாவிடம் சொன்னேன். அவளுக்குப் புரிந்தது.

மார்ச் 16, சனி

ஸ்டாட்ஸ்பர்க்கில் மில்ஸ்-நாரி பூங்கா. நாரி பாயிண்ட் மையம் ஹட்சன் ஆற்றை ஒட்டியே இருக்கிறது. படிவத்தில் தொழில் என்று ஒரு கட்டம். காலியாக விட்டேன். சம்பளம் வாங்கத்தான் எனக்கு அனுமதியில்லை. சும்மா உழைக்க யாரும் தடை சொல்லவில்லை. முதுநிலை விலங்கியல் என்று அடுத்த கட்டத்தில் எழுதினேன். எழுதி எவ்வளவு காலமாயிற்று.

இந்த முறை விலாங்கு. 2008-லிருந்து ஒவ்வொரு வசந்தத்திலும் ஹட்சனில் சேரும் ஓடைகளில் வலை கட்டி விலாங்குக் குஞ்சுகளை எண்ணுகிறார்கள். பள்ளிப் பிள்ளைகள், ஓய்வுபெற்றவர்கள், என்னைப் போன்றவர்கள், எல்லோரும் முறை வைத்து வருகிறார்கள். அட்லாண்டிக்கில் இருக்கும் சர்காசோ கடலில் பிறந்து, இலை வடிவத்தில் ஏறக்குறைய ஒரு வருடம் நீரோட்டத்தில் மிதந்து, கரைக்குக் கிட்டே வரும்போது கண்ணாடிக் குஞ்சாக மாறி நன்னீரைத் தேடி ஏறி வருகின்றன. அவை முட்டையிடுவதைக் கடலில் இதுவரை ஒரு மனிதர்கூட நேரில் பார்த்ததில்லை. இருபது வருடத்துக்கு மேல் ஆற்றில் இருந்துவிட்டு, ஒரே ஒரு முறை முட்டையிட அவ்வளவு தூரம் திரும்பிப் போய், அங்கேயே செத்துப்போகும்.

ஒருங்கிணைப்பாளர் அழுத்திச் சொன்ன ஒன்று: வலையில் எதுவும் இல்லையென்றால் பூஜ்யம் என்று எழுதுங்கள். கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். காலிக் கட்டம் என்றால் யாரும் போய்ப் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

மார்ச் 21, வியாழன்

பூஜ்யம். ஓடையிலும், விசாப் பக்கத்திலும்.

மார்ச் 25, திங்கள்

பங்குனி உத்திரம். மாமியார் பழனிக்கு நேர்ந்துகொண்டிருக்கிறாராம், பாஸ்போர்ட் கைக்கு வந்தால் மொட்டை என்று. யாருக்கு மொட்டை என்று கேட்டேன். "எம்புள்ளைக்குத்தான், பின்ன உனக்கா?" என்றார். ரொம்ப நாளைக்குப் பிறகு வீட்டில் சத்தமாகச் சிரித்தேன்.

மார்ச் 28, வியாழன்

வந்துவிட்டன.

மார்புவரை ஏறும் ரப்பர் கால்சட்டை போட்டுக்கொண்டு ஓடையில் இறங்கினால் தண்ணீரின் குளிர் ரப்பரைத் தாண்டி எலும்பைப் பிடிக்கிறது. வலை ஒரு பெரிய புனல். வாய் ஆற்றைப் பார்த்து விரிந்திருக்கும், போகப்போகக் குறுகி வாலில் முடிச்சு. அந்த வாலைத் தூக்கி வாளிக்கு மேல் அவிழ்த்தோம். சருகு, இறால் மாதிரி ஏதோ பூச்சி, ஒரு சின்னக் கெண்டை. அதற்குள் வெறும் அசைவு. அசைவு மட்டும்தான், உருவம் கண்ணுக்குப் பிடிபடவில்லை. வெள்ளைத் தட்டில் ஊற்றியதும் இரண்டிரண்டு கறுப்புப் புள்ளிகளாகக் கண்கள் தெரிந்தன. சுண்டுவிரல் நீளம். உடம்பு வழியாகத் தட்டின் கீறல் தெரிகிறது. முதுகெலும்பு ஒரு மெல்லிய கோடு. செவுளுக்குப் பின்னால் குண்டூசித் தலையைவிடச் சின்னதாகச் சிவப்பு. அது துடித்துக்கொண்டிருந்தது.

எண்ணினோம், எடை போட்டோம், நீரின் வெப்பத்தைக் குறித்தோம். பிறகு தடுப்பணைக்கு மேலே வாளியோடு நடந்துபோய் விட்டோம். அணை கட்டிய பிறகு அந்த மேல் ஓடைக்கு இவை தாமாக ஏறிப்போவது ரொம்பக் கஷ்டம். எட்டு வைத்தால் முடிகிற தூரம்தான், ஆனால் அவற்றால் முடியாது.

கூட வந்தவர் முன்னாள் பள்ளி ஆசிரியை. வருடந்தோறும் வருகிறார். வாளியைச் சாய்ப்பதற்கு முன் ஒவ்வொரு முறையும் அவற்றோடு ஏதோ பேசுகிறார். நானும் பேசினேன், தமிழில்.

ஏப்ரல் 1, திங்கள்

அலுவலகத்தில் இன்னும் எத்தனை நாள் பொறுப்பார்கள் என்று அவர் கேட்கிறார். என்னிடம் ஏன் கேட்கிறார்? என்னிடம் பதில் இருந்தால் சொல்லமாட்டேனா?

வாடகை கட்டியாயிற்று.

ஏப்ரல் 5, வெள்ளி

காலை பத்தேகாலுக்கு மேல் பாத்திர அலமாரி கடகடவென்று ஆடியது. கீழ்வீட்டில் ஏதோ இயந்திரம் ஓடுகிறது என்று நினைத்தேன். நிலநடுக்கமாம், நியூஜெர்சியில் மையம், 4.8. பள்ளியிலிருந்து செய்தி வருவதற்குள் அவர் கூப்பிட்டுவிட்டார். ஊரில் ராத்திரி எட்டு மணி, யாரோ செய்தி அனுப்பியிருக்கிறார்கள். "பாப்பா எங்க? நீ வெளியில வந்துட்டியா?" என்று ஒரே மூச்சில். ஒன்றுமில்லைங்க என்று சொன்னேன். சொல்லிவிட்டு இரண்டு பேரும் பேசாமல் இருந்தோம். அலைபேசியில் அவர் பின்னால் மின்விசிறி ஓடும் சத்தம் கேட்டது.

ஓடைக்குப் போகும் முறை எனக்கு இல்லை. இருந்தும் போனேன்.

ஏப்ரல் 8, திங்கள்

கிரகணம். பள்ளியை முன்னதாகவே விட்டுவிட்டார்கள். மாநிலத்தின் வடக்கும் மேற்கும் முழு இருட்டாம். நயாகரா பூங்காவில் கூட்டம் அலைமோதியிருக்கும். எங்களுக்கு மெல்லிய பிறை மிஞ்சியது. கண்ணாடியைக் கழற்றிச் சுற்றிலும் பார்த்தேன். வெளிச்சம் இருக்கிறது, சூடு இல்லை. எனக்குப் பிடிக்கவில்லை. கிரகணம் விட்டதும் தலைக்குக் குளித்தேன், அம்மா சொன்னபடி.

ஏப்ரல் 14, ஞாயிறு

வேப்பம்பூ இல்லாத வருஷப்பிறப்பு. மாங்காய் கிடைத்தது.

ஏப்ரல் 19, வெள்ளி

மை வைத்த விரல் படம் அனுப்பியிருக்கிறார். பல வருடம் கழித்து ஓட்டுப் போட்டிருக்கிறார். முகத்தில் ஒரு தெளிவு. எனக்கு ஏனோ கோபம் வந்தது. அங்கேயே பழகிப்போய்விட்டாரோ என்று.

வலையில் இன்று நிறைய. நிறம் ஏறத் தொடங்கிவிட்டது. முதுகில் புகை படிந்த பழுப்பு. இன்னும் கொஞ்ச நாளில் உள்ளே இருக்கும் சிவப்பு தெரியாது.

ஏப்ரல் 22, திங்கள்

புவி நாள் என்று பூங்காக்களில் குப்பை பொறுக்கும் நிகழ்ச்சிகள். நான் எதற்கும் போகவில்லை. ஹட்சன் மேல் நடைபாலத்தில் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை நடந்தேன், 2 கிலோமீட்டர். 1889-இல் ரயிலுக்காகக் கட்டியது, 1974-இல் தீப்பிடித்து அப்படியே கிடந்தது, 2009-இல் மக்கள் நடக்கும் பூங்காவாகத் திறந்தார்கள். நடுவில் நின்று கீழே பார்த்தேன். கடலேற்றம் வடக்கே டிராய் நகரம்வரைக்கும் ஏறி வருகிற ஆறு. தண்ணீர் வடக்கே போய்க்கொண்டிருந்தது. அந்தத் தண்ணீருக்குள் எத்தனை கண்ணாடிக் குஞ்சுகளோ.

விசாப் பக்கத்தை இன்று திறந்து பார்க்கவில்லை.

ஏப்ரல் 23, செவ்வாய்

பார்த்தேன். பூஜ்யம்.

ஏப்ரல் 27, சனி

பாப்பாவின் முழங்காலுக்குப் பின்னால் உண்ணி. எள்ளைவிடச் சின்னது. இந்த வட்டாரத்தில் மான் உண்ணி என்றாலே அது பரப்பும் லைம் நோய் ஞாபகம்தான் வரும். நுனி மெலிந்த இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுத்தேன், முறுக்காமல். டப்பாவில் போட்டுத் தேதி எழுதி வைத்தேன். ராத்திரி மூன்று முறை எழுந்து அவள் காலை விளக்கடித்துப் பார்த்தாயிற்று. அவர் இருந்திருந்தால் ஒரு முறை அவர் பார்த்திருப்பார்.

ஏப்ரல் 29, திங்கள்

சிவப்பு வட்டம் எதுவும் இல்லை. காய்ச்சல் இல்லை. டாக்டர் கவனித்துக்கொண்டே இருங்கள் என்றார்.

மே 4, சனி

மே முதல் சனிக்கிழமை நியூயார்க் முழுக்கப் பூங்காக்களில் ஊர் கூடி வேலை செய்கிறது. 'ஐ லவ் மை பார்க் டே' என்று 2012-இல் தொடங்கியது. இன்று பாப்பாவும் வந்தாள். வெளிர்நிறக் கால்சட்டை, அதைக் காலுறைக்குள் சொருகி, உண்ணி மருந்து அடித்து.

எங்கள் குழுவுக்குப் பூண்டுக் கடுகு பிடுங்கும் வேலை. ஐரோப்பாவிலிருந்து சமையலுக்கு வந்த கீரை. 1868-இல் லாங் ஐலண்டில் முதலில் பதிவாகியிருக்கிறது. இன்று காட்டுத்தரை முழுக்க அதுதான். வேரிலிருந்து கசியும் பொருள் மண்ணிலிருக்கும் பூஞ்சையை அடக்கிவிடுவதால் அந்தப் பூஞ்சையை நம்பி வாழும் மரக்கன்றுகள் எழும்புவதில்லை. முதல் வருடம் தரையோடு படர்ந்த இலை, இரண்டாம் வருடம் வெள்ளைப் பூ, பிறகு விதை. விதை மண்ணில் பல வருடம் கிடக்கும். ஆகவே விதைக்கு முன்னால் பிடுங்க வேண்டும், அடுத்த வருடமும் பிடுங்க வேண்டும், அதற்கடுத்த வருடமும். தண்டின் அடியைப் பிடித்து மெதுவாக இழுத்தால் கொக்கிபோல் வளைந்த வேர் முழுதாக வரும். அவசரப்பட்டால் அறுந்துபோய் மறுபடி துளிர்க்கும். பூத்ததைத் தரையில் போடக் கூடாது. பிடுங்கிய பிறகும் விதை முற்றும்.

பாப்பா ஒரு மூட்டை நிரப்பினாள். "அடுத்த வருஷமும் இங்கேயே வரலாமாம்மா?" என்று கேட்டாள். வரலாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

இளந்துளிரை வீட்டுக்கு எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். கொதிநீரில் போட்டெடுத்து, உளுந்து, வரமிளகாய், புளி, கொஞ்சம் தேங்காய் வைத்துத் துவையல் அரைத்தேன். கசப்பு நாக்கில் நிற்கிறது, பூண்டு வாசனை தூக்கலாக. நல்லெண்ணெய் ஊற்றிச் சோற்றில் பிசைந்து இரண்டு பேரும் சாப்பிட்டோம். எதிர்வீட்டு அக்காவுக்கும் ஒரு கிண்ணம்.

மே 6, திங்கள்

அந்த வரி மாறியிருக்கிறது. என்ன அர்த்தம் என்று மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்கிறார்கள். அவரைக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை.

மே 7, செவ்வாய்

நேரில் வரச் சொல்லியிருக்கிறார்களாம். எதையும் முன்கூட்டிப் பேசாதே என்கிறார். சரி, பேசவில்லை.

மாத நடுவில் வலையைக் கழற்றிவிடுவார்கள். வியாழக்கிழமை முறைக்கு ஆள் இல்லை என்று செய்தி வந்தது. நான் வருகிறேன் என்று எழுதிவிட்டேன். பாப்பாவின் பல் டாக்டர் நேரத்தை மாற்ற வேண்டும், காலையில் முதல் வேலை அதுதான்.