மாடு இழுத்த ரயிலைத் தேடி டபோய்க்கு

வதோதராவுக்குப் போகிறவர்கள் லட்சுமி விலாஸ் அரண்மனையைச் சுற்றிவிட்டு, ஒரு தட்டு சேவ் உசல் சாப்பிட்டுவிட்டு ஊர் திரும்பிவிடுவார்கள். நான் போனது டபோய்க்காக. வதோதராவிலிருந்து சுமார் 30 கிலோமீட்டரில் இருக்கும் சிறிய ஊர். இந்தியாவின் முதல் நேரோ கேஜ் (ஒடுக்கமான) ரயில்பாதை 1862-ல் டபோய்க்கும் மியாகாமுக்கும் நடுவேதான் போடப்பட்டது. அதில் வண்டியை இழுத்தவை காளை மாடுகள்.

கிளம்பும் முன் வதோதராவின் பிரதாப்நகர் ஸ்டேஷனில் இறங்கி, அங்கே பாதுகாத்து வைத்திருக்கும் பழைய நேரோ கேஜ் வண்டிகளைப் பார்த்தேன். தண்டவாளங்களுக்கு இடையே வெறும் 2 அடி 6 அங்குலம். ஒரு காலை இந்தத் தண்டவாளத்திலும் மறு காலை அந்தத் தண்டவாளத்திலும் வைத்துச் சாதாரணமாக நிற்கலாம். பெட்டிக்குள் எதிரெதிர் பெஞ்சில் இருவர் உட்கார்ந்தால் முட்டியும் முட்டியும் இடிக்கும். இதில் ஜனங்கள் கூரை மேலெல்லாம் ஏறி உட்கார்ந்து போன பழைய போட்டோக்கள் இணையத்தில் நிறையக் கிடைக்கின்றன.

சரி, பரோடா (வதோதராவின் அன்றைய பெயர்) சமஸ்தானம் தன் முதல் ரயிலைத் தலைநகருக்குப் போடாமல் ஏன் டபோய்க்குப் போட்டது? பம்பாய், பரோடா அண்ட் சென்ட்ரல் இந்தியா கம்பெனியின் அகலப் பாதை 1861-லேயே சூரத்திலிருந்து பரோடாவுக்கு வந்துவிட்டது. தலைநகருக்குக் கவலையில்லை. கவலை பருத்திக்குத்தான். அதே 1861-ல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் வெடித்தது. லங்காஷயர் மில்களுக்கு அங்கிருந்து பஞ்சு வரத்து நின்றுபோக, குஜராத் பஞ்சுக்கு விலை எகிறியது. டபோய்ப் பக்கமெல்லாம் கரிசல் மண். மழை பெய்தால் பாரவண்டி அச்சு வரை புதையும். பஞ்சை மெயின் லைனில் இருக்கும் மியாகாம் வரை கொண்டுபோய்ச் சேர்த்தால் போதும், மீதியைக் கம்பெனி ரயில் பார்த்துக்கொள்ளும். அப்போதைய மகாராஜா கண்டேராவ் கெய்க்வாட் முதலில் 8 மைல் பாதை போட்டார்.

என்னைக் கேட்டால் மாடு கட்டியதில் கேலி செய்ய ஒன்றுமில்லை. மண்ணில் ஒரு வண்டிக்கே மூச்சு வாங்கும் ஜோடி, இரும்புத் தண்டவாளத்தில் அதைப்போலப் பல மடங்கு பாரத்தை இழுக்கும். நிலக்கரி வேண்டாம், டிரைவர் வேண்டாம், வைக்கோல் உள்ளூரிலேயே கிடைக்கும்.

இருந்தாலும் மன்னருக்கு எஞ்சின் ஆசை விடவில்லை. மறு வருடமே, 1863-ல், கிளாஸ்கோவின் நீல்சன் கம்பெனியிடமிருந்து குட்டி எஞ்சின்கள் வந்து இறங்கின. அந்தக் காலத்தில் இவ்வளவு ஒடுக்கமான பாதையில் நீராவி எஞ்சின் என்பதே புதுசு. வேல்ஸின் ஃபெஸ்டினியாக் பாதைக்கும் அதே வருடம்தான் எஞ்சின் வந்தது. ஆனால் டபோயில் போட்டிருந்த தண்டவாளம் எஞ்சின் பாரத்தைத் தாங்கவில்லை. மறுபடி மாடுதான். 1873-ல் கனமான தண்டவாளம் மாற்றினார்கள். அப்புறமும் 1880 வாக்கில்தான் எஞ்சின் ஒழுங்காக ஓடத் தொடங்கியது. பதினெட்டு வருடம்!

அந்தப் பதினெட்டு வருடத்துக்குள் அரண்மனையில் ஏகப்பட்ட அமளி. கண்டேராவ் 1870-ல் இறந்தார். பின்னால் வந்த தம்பி மல்ஹார்ராவ் தங்கத்தில் பீரங்கி செய்துகொண்டவர். சமஸ்தானத்தில் பிரிட்டிஷாரின் பிரதிநிதியாக (ரெசிடென்ட்) இருந்த கர்னல் ஃபேருக்கு விஷம் வைக்கப் பார்த்தார் என்று அவர் மேல் வழக்கு. விசாரணைக் குழு இரண்டாகப் பிளந்தது. ஆனாலும் ஆட்சி சரியில்லை என்று சொல்லி 1875-ல் அவரை இறக்கி மதராஸுக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கேயே 1882-ல் காலமானார்.

அவர் தெற்கே வந்த அதே வருடம் நம் பக்கத்துக்காரர் ஒருவர் பரோடாவுக்குத் திவானாகப் போனார். கும்பகோணத்தில் பிறந்த டி. மாதவ ராவ். திருவிதாங்கூரிலும் இந்தூரிலும் திவானாக இருந்தவர். திருவனந்தபுரத்தில் 'ஸ்டாச்சு' என்று பஸ்காரர்கள் கூவுவது இவர் சிலையைத்தான். புது ராஜா மூன்றாம் சயாஜிராவ் அப்போது சிறுவன். கஜானாவை ஒழுங்குபடுத்தும் வேலை இவர் தலையில் விழுந்தது. டபோயிலிருந்து பாதைகள் கிளைவிட்டது இவர் திவானாக இருந்த அந்த ஏழு வருடத்தில்தான். 1879-ல் நர்மதைக் கரையின் தீர்த்த ஊரான சாந்தோடுக்கு ஒன்று, அதையடுத்துப் பரோடாவின் கோயாகேட்டுக்கு ஒன்று. பரோடா ரயில்வே என்றதும் எல்லோரும் சயாஜிராவைச் சொல்வார்கள். அவர் பங்கு பெரிதுதான், மறுக்கவில்லை. 1887-ல் வடக்கே மேசானாவிலிருந்து வட்நகருக்கு மீட்டர் கேஜ், 1890-ல் டபோயிலிருந்து போடேலி வரை நீட்டிப்பு என்று அவர் காலத்தில் வேலை ஓயவில்லை. ஆனால் அடிப்படை மாதவ ராவ் போன்ற கணக்குப்பிள்ளைகள் காலத்தில் போட்டது என்பது என் கட்சி.

டபோய் ஸ்டேஷனில் பழைய களை இல்லை. ஒரு காலத்தில் உலகின் மிகப் பெரிய நேரோ கேஜ் ஜங்ஷன் என்று பெயர் எடுத்த இடம் இப்போது பளபளவென்று அகலப் பாதை ஸ்டேஷன். வெளியே டீ போட்டுக்கொண்டிருந்த பெரியவரிடம், "காகா, பழைய சின்ன வண்டியில் போயிருக்கிறீர்களா?" என்று என் ஓட்டை இந்தியில் கேட்டேன். "போகாமல்? என் கல்யாணக் கோஷ்டியே அதில்தான் போனது. பாதிப் பேர் கூரையில்" என்றார். டீக்குக் காசு வாங்கவில்லை.

ஸ்டேஷனை முடித்துக்கொண்டு ஊருக்குள் ஹீரா பாகோல் கோட்டை வாசலையும் பாருங்கள். 13-ஆம் நூற்றாண்டு வேலைப்பாடு, யானை வரிசைகளுக்கே அரை மணி நேரம் வேண்டும். வதோதராவில் தங்கினால் பிரதாப்நகரிலிருந்து ரயில் ஏறுவது வசதி. சாந்தோடு பாதையும் அகலமாகி, படேல் சிலை இருக்கும் கேவடியா (இப்போது ஏக்தா நகர்) வரை நீண்டு 2021-ல் திறக்கப்பட்டது. சென்னை சென்ட்ரலிலிருந்து வாரம் ஒருமுறை கேவடியாவுக்கு நேரடி ரயில் விட்டிருக்கிறார்கள். அதுவும் டபோய் வழியாகத்தான் போகிறது. கிளம்பும் முன் நாளையும் நேரத்தையும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.