டேங்க் வழியாமல் பார்த்துக்கொள்ள ஒரு குட்டி கம்ப்யூட்டர்: மூன்று மாதக் கணக்கு

மோட்டார் போட்டுவிட்டு மறப்பது எங்கள் வீட்டில் பரம்பரை வியாதி. அப்பா மறப்பார், நான் மறப்பேன், மொட்டை மாடியிலிருந்து சடசடவென்று தண்ணீர் கொட்டி, பக்கத்து வீட்டு அக்கா "டேங்க் வழியுது" என்று குரல் கொடுத்த பிறகுதான் யாராவது சுவிட்சுக்கு ஓடுவோம். தாம்பரம் பக்கம் வீடு, போர் தண்ணீர், மே மாதத்தில் அது வழிந்து தெருவுக்குப் போவதைப் பார்த்தால் வயிறு எரியும். இதற்கு மிதவை வைத்த சுவிட்ச் சில நூறு ரூபாய்க்கு எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும் என்பது எனக்குத் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். ஆனால் எனக்கு ராஸ்பெர்ரி பை என்கிற உள்ளங்கை அளவு கம்ப்யூட்டர் ஒன்று வாங்க வேண்டும், அதற்கு ஒரு காரணம் வேண்டும். உண்மை அவ்வளவுதான்.

ஆசை பழையது. 2012 பிப்ரவரியில் முதல் பை 35 டாலருக்கு வெளிவந்தபோது நான் ஹாஸ்டலில் இருந்தேன், அந்தப் பணத்துக்கு ஒரு மாத மெஸ் பில் கட்டலாம் என்று கணக்குப் போட்டுவிட்டு விட்டுவிட்டேன். 2021 அக்டோபரில் அதே பையின் சின்ன மாடலான ஜீரோ 2 டபிள்யூ 15 டாலருக்கு வந்தது. சூயிங்கம் பாக்கெட் அளவுப் பலகை, நான்கு கோர், 512 எம்பி ராம், வைஃபை. சரி, இந்த முறை வாங்கியே தீருவது என்று பார்த்தால் உலகம் முழுக்க சிப் தட்டுப்பாடு, எங்கே தேடினாலும் 'ஸ்டாக் இல்லை'. அப்படியே வருஷம் ஓடி, இந்த வருஷம்தான் ஒரு சனிக்கிழமை மின்சார ரயில் ஏறி எழும்பூரில் இறங்கி, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போனேன்.

இரண்டு கடையில் இல்லை என்றார்கள். மூன்றாவது கடைத் தம்பி பெரிய மாடலான பை 5-ஐ எடுத்து வைத்து, "இதை வாங்குங்கண்ணா, ஃபியூச்சர் ப்ரூஃப்" என்றான். டேங்கில் தண்ணீர் பார்க்க பை 5 எதற்கு? ஜீரோ 2 டபிள்யூ 1,650 ரூபாய். அதோடு முடிந்ததா? 32 ஜிபி மெமரி கார்டு 450, தண்ணீர் படாத அல்ட்ராசானிக் சென்சார் 380, பிளாஸ்டிக் டப்பா 120, ஜம்பர் ஒயர், ரெசிஸ்டர், ஈயம், அப்புறம் பின்னால் சொல்லப்போகும் அடாப்டர் 700, வெப்பமானி 90. எல்லாம் சேர்த்து 3,700-ஐ ஒட்டி வந்துவிட்டது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்களே, எங்கள் வீட்டிலும் சுமைகூலிதான் ஜாஸ்தி.

முதல் இரண்டு மாலைகள் பையை எழுப்புவதிலேயே போயின. இந்தப் பலகையில் மினி எச்டிஎம்ஐ, என்னிடம் இருந்தது சாதாரண கேபிள். அதனால் திரை இல்லாமல், கார்டில் ஓஎஸ்ஸை எழுதிச் சொருகி, வைஃபை வழியாக எஸ்எஸ்எச்சில், அதாவது லேப்டாப்பிலிருந்தே கட்டளை அடித்து, நுழையத் திட்டம். ரூட்டரில் பையின் பெயரே வரவில்லை. ஒரு மணி நேரம் கழித்துத்தான் உறைத்தது, நான் கொடுத்தது 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையின் பெயர், இந்தப் பலகைக்குத் தெரிந்ததோ 2.4 மட்டும். அதைச் சரிசெய்து உள்ளே போனால் பாஸ்வேர்டு தவறு என்கிறது. பழைய வீடியோ ஒன்றைப் பார்த்து 'பை', 'ராஸ்பெர்ரி' என்றே அடித்துக்கொண்டிருந்தேன். 2022 ஏப்ரலிலேயே அந்த இயல்புப் பயனரைத் தூக்கிவிட்டார்கள். கார்டை எழுதும்போதே நம் பெயரையும் பாஸ்வேர்டையும் கொடுத்துவிட வேண்டும். பழைய வீடியோ பார்த்து ஆரம்பிப்பவர்கள் இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது அடாப்டர் கதை. பழைய போன் சார்ஜர் ஒன்று சும்மா கிடந்தது, அதை மாட்டினேன். நன்றாகத்தான் ஓடியது, ஆனால் ஏதாவது இன்ஸ்டால் செய்யும்போது மட்டும் திடீரென்று ரீஸ்டார்ட் ஆகும். நண்பன் ஒருவனிடம் பை 3 இருக்கிறது, அதில் கரண்ட் குறைந்தால் திரையில் மின்னல் குறி காட்டும், லாக் கோப்பிலும் எழுதும். என்னுடையதில் ஒன்றுமே இல்லை. அதனால் குறை மென்பொருளில்தான் என்று முடிவுகட்டி கார்டை மூன்று முறை அழித்து எழுதினேன். பிறகுதான் படித்தேன், ஜீரோ வகைப் பலகைகளில் அந்த மின்னழுத்தத்தைக் கண்காணிக்கும் சுற்றே கிடையாது. இது பாட்டுக்குப் பட்டினி கிடக்கும், வாய் திறந்து சொல்லாது. மல்டிமீட்டரை 5 வோல்ட் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் இடையில் வைத்தால் 4.6 காட்டியது. பாதிக் குற்றம் சார்ஜருடையது, பாதி அந்த நூல் போன்ற கேபிளுடையது. 5 வோல்ட், 2.5 ஆம்பியர் அடாப்டர் வாங்கி மாட்டிய பிறகு அந்த வியாதி போய்விட்டது. 700 ரூபாய்தான், ஆனால் அந்தப் பணத்தை முதலிலேயே கொடுத்திருந்தால் ஒரு வாரம் மிச்சம்.

சென்சாருக்கு வருவோம். வேலை எளிது: ஒலி அலை ஒன்றை அனுப்பும், அது தண்ணீரில் பட்டுத் திரும்பும், போய்வந்த நேரத்தை வைத்து நாம் தூரம் கணக்கிடலாம். சிக்கல் என்னவென்றால் சென்சார் 5 வோல்டில் பதில் சொல்லும், பையின் காதுக்கு 3.3 வோல்ட்தான் தாங்கும், நேராகக் கொடுத்தால் பின் செத்துவிடும். 1 கிலோ ஓம், 2 கிலோ ஓம் இரண்டு ரெசிஸ்டர் வைத்துப் பிரித்தால் சரியாக 3.3 வரும். 2 கிலோ ஓம் கைவசம் இல்லை, அதனால் இரண்டு 1 கிலோ ஓமைத் தொடராகக் கோத்தேன். பலகை காலில்லாமல் வந்திருந்தது, 40 பின்னையும் நானே சால்டரிங் செய்தேன். மூன்று இடத்தில் மொட்டு மொட்டாக ஈயம் நிற்கிறது, போட்டோ போட மாட்டேன். எல்லாம் முடித்து ஓட்டினால் பதிலே இல்லை. புரோகிராமில் 24 என்று எழுதிவிட்டு 24-ஆவது காலில் ஒயரைச் சொருகியிருக்கிறேன். புரோகிராமில் எழுதுவது ஜிபிஐஓ எண், அது காலின் வரிசை எண் இல்லை. ஜிபிஐஓ 24 இருப்பது 18-ஆவது காலில். 24-ஆவது கால் ஜிபிஐஓ 8. இப்படி ஒரு எண் முறையை யோசித்தவர்கள் சென்னையில் வீட்டுக்குக் கதவிலக்கம் போட்டவர்களாகத்தான் இருக்க வேண்டும், புது எண், பழைய எண்.

மேசைமேல் அளந்து பார்த்தபோது எண்கள் குதித்தன. சுவர் 60 செ.மீ. தூரத்தில் இருக்கிறது, பை 60 என்கிறது, 61 என்கிறது, திடீரென்று 78 என்கிறது. சென்சாரைத் திட்டிக்கொண்டிருந்தேன். கணக்குப் போட்டுப் பார்த்தால்: ஒலி நொடிக்கு 343 மீட்டர் போகிறது, 1 செ.மீ. தூரத்துக்குப் போய்வர 58 மைக்ரோ செகண்ட். பையில் ஓடுவது லினக்ஸ், முழு கம்ப்யூட்டருக்கான ஓஎஸ், அதற்கு ஆயிரம் வேலை, நடுவில் ஒரு மில்லி செகண்ட் வேறு பக்கம் திரும்பினால் என் கணக்கில் 17 செ.மீ. தவறு. அதாவது தண்ணீர் ஆடவில்லை, கடிகாரம் பார்ப்பவன் கண் அசந்துவிட்டான். பின்னில் மாற்றம் வந்த நேரத்தை ஹார்டுவேர் உதவியோடு குறித்துவைக்கும் பிக்பியோ லைப்ரரிக்கு மாறினேன், கூடவே 11 முறை அளந்து வரிசைப்படுத்தி நடுவில் உள்ளதை மட்டும் எடுத்தேன். குதிப்பு நின்றது.

இந்த இடத்தில் ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்த வேலைக்கு ஓஎஸ் இல்லாமல் ஒரே புரோகிராமை ஓட்டும் ஈஎஸ்பி32 என்கிற மைக்ரோகண்ட்ரோலர் பலகை போதும், 500 ரூபாய்க்குள் முடியும், நேரத்தையும் துல்லியமாகப் பார்க்கும், லினக்ஸ் என்ற தலைவலியும் இல்லை. எனக்கு அது அப்போதே தெரியும். ஆனாலும் கையளவுப் பலகையில் எஸ்எஸ்எச்சில் நுழைந்து, உள்ளே என்னென்ன ஓடுகிறது என்று காட்டும் டாப் கட்டளையை ஓட்டிப் பார்க்கிற சுகம் இருக்கிறதே, அதை அம்மாவுக்கு விளக்க முடியவில்லை.

மாடியில் மாட்டியபோது புதுப்புதுப் பாடங்கள். இந்த வகை சென்சாருக்கு முகத்துக்கு முன்னால் 20, 25 செ.மீ. வரை குருடு. டேங்க் நிரம்பும்போது தண்ணீர் மூடிக்கு 15 செ.மீ. கீழே வந்து நிற்கும். அதாவது டேங்க் வழியப் போகிற அந்த ஒரு தருணத்தில், எதற்காக இத்தனை பாடோ அப்போது, சென்சார் உளறும். மூடியில் ஓட்டை போட்டு 4 அங்குல பிவிசி பைப் துண்டு ஒன்றை நிமிர்த்தி நிறுத்தி, அதன் உச்சியில் சென்சாரைப் பதித்துத் தூரத்தை வாங்கினேன். விடியற்காலையில் பைப்புக்குள் நீராவி வேர்த்துச் சென்சார் முகத்தில் துளி நின்றால் டேங்க் நிறைந்திருப்பதாகச் சொல்லும், அதற்குப் பைப்பில் இரண்டு காற்றுத் துளை, துளைக்குக் கொசுவலை. கொசுவலை அப்பா யோசனை. டெங்கு சமயத்தில் டேங்கைத் திறந்துபோட்டால் அவர் என்னைத் திறந்துபோடுவார்.

பிறகு ஒரு வேடிக்கை. தினமும் மதியம் 2 மணிக்கு மேல் யாரும் மோட்டார் போடாமலே டேங்கில் 4 செ.மீ. தண்ணீர் ஏறுகிறது. எங்கள் டேங்கில் 4 செ.மீ. என்றால் ஏறக்குறைய 35 லிட்டர், இரண்டு மூன்று குடம். சாயங்காலம் ஆனால் தானாகவே இறங்கிவிடும். காரணம் வெயில். கறுப்பு டேங்க், உள்ளே காற்று 45 டிகிரிக்குப் போகிறது, அந்தச் சூட்டில் ஒலி நொடிக்கு 358 மீட்டர் ஓடும், நான் 343 என்றே கணக்குப் போட்டிருக்கிறேன், அதனால் 90 செ.மீ. தூரம் 86 என்று தெரிகிறது. டிஎஸ்18பி20 என்கிற 90 ரூபாய் வெப்பமானியை உள்ளே தொங்கவிட்டு, அந்த நேரத்துச் சூட்டுக்கு ஏற்ப வேகத்தை மாற்றினேன். பள்ளியில் இயற்பியல் பாடத்தில் இந்தச் சூத்திரத்தை மனப்பாடம் செய்தபோது இது எந்தக் காலத்தில் உதவப்போகிறது என்று கேட்டவன்தான் நான்.

மோட்டாரையும் ரிலே (பை சொன்னால் ஆன், ஆஃப் ஆகிற சுவிட்ச்) வைத்து இதோடு இணைத்துவிடலாம் என்று ஒரு ஆசை வந்தது. ரிலேயில் 10 ஆம்பியர் என்று எழுதியிருக்கிறது. எங்கள் எலக்ட்ரீஷியன் அண்ணன் அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, மோட்டார் கிளம்பும்போது இழுக்கிற இழுப்புக்கு இது ஒரு மாசம் தாங்காது, பாயின்ட் ஒட்டிக்கிச்சுன்னா மோட்டார் நிக்கவே நிக்காது" என்றார். நிற்காத மோட்டாரைத் தடுக்கக் கிளம்பி நிற்காத மோட்டாரில் முடிவதா? மோட்டார் இழுப்பைத் தாங்கும் பெரிய ரிலேயான கான்டாக்டர் வைத்துச் செய்யலாம், ஆனால் 230 வோல்டில் என் சால்டரிங்கை நான் நம்பவில்லை. இணைப்பு வேண்டாம், தகவல் மட்டும் போதும் என்று விட்டேன்.

இதற்கிடையில் பை சும்மாதானே இருக்கிறது என்று விளம்பரம் தடுக்கும் பை-ஹோலையும் அதில் ஏற்றி, வீட்டு ரூட்டரில் டிஎன்எஸ் (இணையப் பெயருக்கு முகவரி தேடித் தரும் சர்வர்) முகவரியாக இதைக் கொடுத்தேன். பத்து நாள் சொர்க்கம். பதினோராம் நாள் கரண்ட் போனது. ரூட்டர் இன்வெர்ட்டரில் இருக்கிறது, மாடிப்படி அறையில் இருக்கும் பை இல்லை. வைஃபை முழுப் புள்ளி காட்டுகிறது, ஒரு பக்கமும் திறக்கவில்லை. நான் ஆபீஸில். அப்பா போன் செய்து, "நெட்டுக்காரனைக் கூப்பிடட்டுமா?" என்றார். இரண்டாவதாக வேறொரு டிஎன்எஸ் கொடுத்தால் போனும் டிவியும் இஷ்டத்துக்கு அந்தப் பக்கம் போய் விளம்பரத்தைக் கொண்டுவந்துவிடும். கடைசியில் வீட்டு ரூட்டரைப் பழையபடி விட்டுவிட்டு, என் போனிலும் லேப்டாப்பிலும் மட்டும் பை-ஹோலைக் கொடுத்துக்கொண்டேன்.

அந்தக் கரண்ட் இன்னொரு வேலையும் செய்திருந்தது. மூன்றாவது முறை போய்வந்தபோது பை எழவில்லை, எழுதிக்கொண்டிருந்தபோது நின்றதில் கார்டு குழம்பிவிட்டது. மறுபடி எல்லாவற்றையும் ஏற்றி, இந்த முறை ஓவர்லே ஃபைல் சிஸ்டத்தை இயக்கினேன். கார்டில் எதுவும் எழுதப்படாது, எழுதுவதெல்லாம் ராமில், அணைத்தால் போச்சு. அளவுகளை மட்டும் மணிக்கொரு முறை ஓடிஜியில் மாட்டிய பழைய பென் டிரைவில் சேமிக்கிறேன். ஒரே ஒரு கூத்து: பையில் பேட்டரி வைத்த கடிகாரம் இல்லை. ஓவர்லேயை ஜூன் 9 அன்று போட்டேன், கார்டில் கடைசியாகப் பதிந்த நேரமும் அதுவே, அதனால் ஒவ்வொரு முறை கரண்ட் வந்ததும் வைஃபையில் சேர்ந்து சரியான நேரம் வந்து சேரும்வரை அதற்கு அன்று ஜூன் 9தான். கணக்கு நோட்டில் ஜூன் 9-க்கு மட்டும் ஏகப்பட்ட வரிகள். இப்போது நேரம் சரியாகும்வரை எழுதாதே என்று வைத்திருக்கிறேன்.

டேங்க் நிறையும்போது டெலிகிராமில் எனக்குச் செய்தி வரும். அம்மாவுக்கு டெலிகிராம் இல்லை, வேண்டவும் வேண்டாம். திரை கீறிய பழைய போன் ஒன்றைச் சமையலறை சுவரில் ஒட்டி, பை தரும் பக்கத்தை அதில் எப்போதும் திறந்து வைத்தேன். பெரிய எழுத்தில் '62%'. இரண்டு நாள் பார்த்துவிட்டு, "அறுபத்திரெண்டுன்னா துணி துவைக்கலாமா கூடாதாடா?" என்றார் அம்மா. சதவீதத்தைத் தூக்கிவிட்டு மூன்றே வரிகள் வைத்தேன்: 'துணி போடலாம்', 'மோட்டார் போடணும்', 'மோட்டாரை நிறுத்து'. மூன்றாவது வந்தால் போன் கத்தும். இத்தனை வாரத்தில் நான் எழுதிய புரோகிராமிலேயே வீட்டில் பாராட்டு வாங்கியது அந்த மூன்று வரிதான். ஜூலை முழுக்க ஒரு முறைதான் டேங்க் வழிந்தது, அன்று போனின் சார்ஜரைப் பிடுங்கி யாரோ மிக்ஸி போட்டிருந்தார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை மாடி வீட்டு மாமா இதைப் பார்த்துவிட்டு, "எனக்கும் ஒண்ணு பண்ணிக் குடுப்பா" என்றார். ஈஎஸ்பி32, சென்சார், வெப்பமானி, எல்லாம் சேர்த்து ஆயிரத்துச் சொச்சத்தில் முடித்துத் தருகிறேன் என்று தாளில் எழுதிக் கொடுத்தேன். அவர் அதை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "உன்கிட்ட இருக்கிறது கம்ப்யூட்டர்னு சொன்னியேப்பா" என்றார், லேசாக முகம் வாடி.

அடுத்த சனிக்கிழமை இரண்டு பேரும் ரிச்சி தெருவுக்குப் போகிறோம்.