பஃபர் முடிகிற இடத்தில் தேடுங்கள்: நிரல் மதிப்பாய்வுத் தேர்வுக்குத் தயாரான அனுபவம்

மென்பொருள் வேலைக்கான நேர்காணலில் நிரல் எழுதச் சொல்வார்கள் என்று தெரிந்து, அதற்கு மாதக்கணக்கில் பயிற்சி எடுத்திருந்தேன். வேறொருவர் எழுதிய நிரலைக் கொடுத்து, "இதைப் படித்துக் குறை சொல்லுங்கள்" என்பார்கள் என்று நினைத்ததே இல்லை. எனக்குக் கொடுத்தது சி மொழியில் ஏறக்குறைய 200 வரிகள். பெரிய கோப்புகளை வேகமாக வரிவரியாகப் படித்துத் தரும் ஒரு சிறிய லைப்ரரி. நேரம் ஒரு மணி. மாறிகளின் பெயர் சரியில்லை, விளக்கக் குறிப்புகள் போதவில்லை என்று 11 குறிப்புகள் எழுதிக் கொடுத்தேன். அடுத்த சுற்றுக்கு அழைப்பு வரவில்லை.

தண்டையார்பேட்டையில் எங்கள் பக்கத்துத் தெரு அக்கா பல ஆண்டுகளாக இந்தத் துறையில் இருப்பவர். நான் எழுதியதை நினைவிலிருந்து அவரிடம் ஒப்பித்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இந்தப் பதினொன்றில் எதைத் திருத்தாமல் விட்டால் ஒருவருடைய தரவு கெட்டுப்போகும், தம்பி?" என்றார். ஒன்றுகூட இல்லை. அன்றுதான் முதலிலிருந்து படிக்கத் தொடங்கினேன். இதே தேர்வுக்குப் போகிறவர்கள் அந்தக் கேள்வியை முன்னால் வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

பஃபர் என்பது கோப்பிலிருந்து படித்த தரவைத் தற்காலிகமாகச் சேர்த்துவைக்கும் நினைவக இடம். அது எதற்கு என்பதை முதலில் எண்ணிக்கையில் பாருங்கள். வடசென்னையில் லாரித் தண்ணீருக்கு நின்ற யாரும் டம்ளரை எடுத்துக்கொண்டு போவதில்லை, குடத்தைத்தான் எடுத்துப்போவோம். 1 எம்பி கோப்பை ஒவ்வொரு பைட்டாகக் கெர்னலிடம் (இயங்குதளத்தின் மையப் பகுதியிடம்) கேட்டால் 10,48,576 சிஸ்டம் கால்கள், அதாவது கெர்னலுக்கு அத்தனை அழைப்புகள். 4096 பைட் பஃபர் வைத்துக் கேட்டால் 256, கோப்பு முடிந்ததை அறிய இன்னும் ஒன்று. லினக்ஸில் ஸ்ட்ரேஸ் கருவி இந்த எண்ணிக்கையை அப்படியே காட்டிவிடும். ஒருமுறை நீங்களே ஓட்டிப் பாருங்கள். அதன்பின் நிரலைக் கையில் எடுத்ததும், கெர்னலை அழைக்கும் வரி எந்தச் சுழலுக்குள் இருக்கிறது என்றுதான் கண் முதலில் தேடும்.

அடுத்தது அரைக்குடம். 4096 கேட்டால் 4096 கிடைத்தே தீரும் என்று கெர்னல் வாக்குக் கொடுக்கவில்லை. பைப்பிலிருந்தோ (ஒரு நிரலின் வெளியீட்டை இன்னொன்றுக்கு அனுப்பும் வழி) கட்டளை தட்டச்சு செய்யும் முனையத்திலிருந்தோ படிக்கும்போது 1500 மட்டும் வரலாம், 7 பைட் மட்டும்கூட வரலாம். பூஜ்யம் வந்தால்தான் முடிவு. கழித்தல் ஒன்று வந்தால் பிழை. அதிலும் ஒரு சிக்னல் (இயங்கும் நிரலுக்கு இடையில் வரும் அறிவிப்பு) குறுக்கிட்டதால் நின்றது என்றால் மறுபடி கேட்க வேண்டும். முதல் தேர்வில் நான் கோட்டைவிட்டது இங்கேதான். "கேட்டதைவிடக் குறைவாக வந்தால் கோப்பு முடிந்தது" என்று ஒரு வரி அந்த நிரலில் இருந்தது. வட்டிலுள்ள சாதாரணக் கோப்பில் அது சரியாகவே ஓடும். பைப்பில் கொடுத்தால் மீதித் தரவை ஓசையில்லாமல் விழுங்கிவிடும். அந்த வரியைத் தாண்டிப் போய் நான் மாறியின் பெயரைத் திருத்திக்கொண்டிருந்தேன்.

வீட்டில் இரைச்சல் தாங்காதபோது, கொளத்தூரில் 2024 நவம்பரில் திறந்த முதல்வர் படைப்பகம் என்ற படிப்பு, பணியிட மையத்தில் போய் உட்காருவேன். அங்கே ஒரு பிற்பகலில் செய்து பார்த்த சோதனையை எல்லோருக்கும் சொல்ல ஆசைப்படுகிறேன். எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் 'அ' என்ற எழுத்து மூன்று பைட்: 224, 174, 133. வெறும் 'அ'வால் நிரப்பிய ஒரு கோப்பை 4096 பைட் பஃபரில் படித்தால், 1365 எழுத்துகள் 4095 பைட்டை எடுத்துக்கொள்ளும். மீதமுள்ள ஓர் இடத்தில் அடுத்த 'அ'வின் 224 மட்டும் வந்து உட்காரும். 174, 133 இரண்டும் அடுத்த பஃபருக்குப் போய்விடும். ஒவ்வொரு பஃபரையும் தனித்தனியே எழுத்தாக மாற்றுகிற நிரல் அந்த இடத்தில் 'அ'வுக்குப் பதிலாகக் கேள்விக்குறி போட்ட கறுப்புச் சாய்சதுரத்தைக் காட்டும். பஃபரை 8192 ஆக்கினாலும் தப்ப முடியாது, இரண்டு பைட் மிஞ்சும். 4096, 8192 போல இரண்டின் எந்த அடுக்கும் மூன்றால் வகுபடாது. ஆங்கில எழுத்துகளை மட்டும் வைத்துச் சோதித்தால் இந்தப் பிழை வெளியே வரவே வராது, ஏனென்றால் அங்கே ஓர் எழுத்துக்கு ஒரு பைட். நம் மொழியில் எழுதிய ஒரு கோப்பு இவ்வளவு நல்ல சோதனைக் கருவியாக இருப்பதைக் கண்டபோது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருந்தது.

இதே ஓரத்தில் ஒளிந்திருக்கும் மற்றவற்றையும் பழகிக்கொள்ளுங்கள். விண்டோஸ் கோப்பின் வரிமுடிவில் இரண்டு பைட் உண்டு, அவை இரு பஃபர்களில் பிரிந்து விழலாம். கடைசி வரிக்குப் புதுவரிக் குறி இல்லாமல் போகலாம். ஒரு வரி பஃபரைவிட நீளமாக இருக்கலாம். படித்த பைட்டை 'சார்' (char) வகை மாறியில் வைத்துக் கோப்பு முடிவுக்கான குறியீட்டோடு (EOF) ஒப்பிட்டால், 255 என்ற பைட்டையே முடிவு என்று எடுத்துக்கொள்ள நேரிடலாம்.

வேகம் பற்றி ஒன்று. "பழையதைவிட இது பல மடங்கு வேகம்" என்று நிரலோடு ஒரு அட்டவணை வந்தால், எதை முதலில் ஓட்டினார்கள் என்று கேளுங்கள். முதல் ஓட்டத்தில் வட்டிலிருந்து வந்த கோப்பு, இரண்டாவது ஓட்டத்தில் பெரும்பாலும் நினைவகத்திலிருந்தே வரும். இரண்டாவதாக ஓடியதற்கு அந்த லாபம் இலவசமாகக் கிடைத்திருக்கும். வரிசையை மாற்றிப் பலமுறை ஓட்டிய கணக்கைக் கேட்டு வாங்குங்கள்.

குறிப்பு எழுதும் முறையையும் அக்காவே சொல்லிக் கொடுத்தார்: எந்த உள்ளீடு, என்ன ஆகும், எப்படித் திருத்தலாம். "இது ஆபத்தானது" என்று மொட்டையாக எழுதாதீர்கள். "பைப்பில் 9 பைட் வந்து, ஒரு வினாடி கழித்து மீதி வந்தால், இரண்டாம் பகுதி தொலைந்துபோகும்" என்று எழுதுங்கள். தரவு தொலைவது முதலில், நிரல் விழுந்துபோவது அடுத்து, பெயர்களும் இடைவெளிகளும் கடைசியில்.

இரண்டாவது வாய்ப்பு வேறோர் இடத்தில் வந்தது. முதல் 20 நிமிடம் எதுவும் எழுதாமல் படித்தேன். கோப்பை நேரடியாக நினைவகத்தில் பொருத்திக்கொள்ளும் எம்மேப் வழியும் அந்த நிரலில் இருந்தது. பைப்புக்கு அது செல்லாது என்றும், படித்துக்கொண்டிருக்கும்போது வேறு யாரேனும் கோப்பைச் சுருக்கினால் நிரல் அங்கேயே விழும் என்றும் எழுதினேன். மொத்தம் நான்கே குறிப்புகள். நேரில் பேசியவர் மூன்றாவதைக் காட்டி, "எழுத்து பாதியில் உடைவதை எப்படிப் பிடித்தீர்கள்?" என்று கேட்டார். தாளை வாங்கி 4096ஐ மூன்றால் வகுத்துக் காட்டினேன்.