ஒரு கிலோ உப்பும் இரண்டு கிலோ வெயிலும்

ஒரு கிலோ கல் உப்பு விளைய எவ்வளவு வெயில் வேண்டும்? பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு வெப்பம் நடத்தும்போது இந்தக் கணக்கைத்தான் முதலில் போடுவேன். தூத்துக்குடிப் பள்ளி. வகுப்பில் பலருடைய வீட்டில் அம்மாவோ சித்தப்பாவோ உப்பளத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள். அதனால் இந்தக் கணக்கு நடக்கும்போது யாரும் ஜன்னல் பக்கம் திரும்புவதில்லை.

ஒரு லிட்டர் கடல்நீரில் எல்லா உப்புகளும் சேர்ந்து 35 கிராம் அளவுக்கு இருக்கும். அதில் நாம் சோற்றில் போடும் உப்பு சுமார் 27 கிராம். ஆக, ஒரு கிலோ உப்புக்கு 37 லிட்டர் தண்ணீரை ஆவியாக்க வேண்டும். லிட்டருக்கு ஏறக்குறைய 24 லட்சம் ஜூல். பெருக்கிப் பார்த்தால் 9 கோடி ஜூலை ஒட்டி வருகிறது. கரண்ட் பில் பாஷையில் சொன்னால் 25 யூனிட். இரண்டு மாதத்துக்கு வீட்டுக்கு இலவசமாகத் தருகிற 100 யூனிட்டையும் ஒரு சொட்டு வீணாக்காமல் செலவழித்தால் நாலு கிலோ உப்பு எடுக்கலாம். அவ்வளவுதான். எங்கள் பக்கம் பெரும்பாலும் போர் போட்டு எடுக்கிற உவர்நீர்தான் பாய்ச்சுகிறோம். அது கடல்நீரைவிடக் கெட்டி, ஆகவே செலவு இன்னும் குறையும். ஆனாலும் வேலையின் அளவு புரிகிறது இல்லையா? கடையில் மலிவாகக் கிடைக்கிற அந்தப் பொட்டலத்துக்குப் பின்னால் இத்தனை வெப்பம் செலவாகியிருக்கிறது.

என் அப்பா சின்ன அளம் ஒன்றைக் குத்தகைக்கு எடுத்து உப்பு விளைவிக்கிறவர். தெப்பத்தில் தண்ணீரைத் தேக்கி, வெயிலில் முறுகவிட்டு, டிகிரி பார்த்துப் பார்த்து அடுத்த பாத்திக்குத் திறந்துவிடுவார். இந்த டிகிரி சூட்டின் அளவு இல்லை, தண்ணீர் எவ்வளவு கெட்டி என்பதன் அளவு. முதலில் ஜிப்சம் படியும். 25 டிகிரி வந்தால் உப்பு பூக்கத் தொடங்கும். கருவி இல்லாமலே தண்ணீரின் நிறத்தையும் விரலில் பிசுபிசுப்பதையும் வைத்து டிகிரி சொல்கிறவர்கள் எங்கள் பக்கம் உண்டு. நன்றாக முறுகிய தண்ணீர் சில சமயம் இளஞ்சிவப்பாக மாறும். அந்த உப்பிலும் உயிர்வாழக்கூடிய நுண்ணுயிர்களின் வேலை அது. நிறம் ஏறிய தண்ணீர் வெயிலைக் கூடுதலாக உறிஞ்சும், இன்னும் வேகமாக வற்றும். "தண்ணி செவந்தா நமக்கு நல்லதும்மா" என்று அப்பா சொல்வார். காரணம் பிற்பாடு படித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அவருக்கு அது தேவைப்படவே இல்லை.

ஒருமுறை ஒரு மாணவி கேட்டாள்: "மிஸ், சூடு பரவறதுக்கு ஏதாவது ஒண்ணு நடுவுல வேணும்ல. சூரியனுக்கும் நமக்கும் நடுவுல ஒண்ணுமே இல்லையே. அப்புறம் எப்படி இங்க வருது?"

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. அன்று பாடத்தை அப்படியே நிறுத்திவிட்டு, சூரியனின் நடுவிலிருந்து தொடங்கினேன்.

அங்கே சூடு சுமார் ஒன்றரைக் கோடி டிகிரி. ஹைட்ரஜன் அணுக்கருக்கள் மோதி ஹீலியமாகின்றன. ஆனால் அந்த மோதல் லேசில் பலிப்பதில்லை. ஒரு புரோட்டான் இன்னொன்றோடு சேர்வதற்குச் சராசரியாக நூறு கோடிக்கணக்கான ஆண்டுகள் ஆகிவிடும். அவ்வளவு மெதுவாக எரிவதால்தான் சூரியன் 460 கோடி ஆண்டுகளாக இருக்கிறது. ஒரு கன மீட்டருக்கு இவ்வளவு என்று கணக்குப் பார்த்தால், சூரியனின் மையத்தில் உண்டாகும் வெப்பம் மனித உடம்பில் உண்டாவதைவிடக் குறைவு. இதை வகுப்பில் சொன்னால் யாரும் நம்புவதில்லை. கரும்பலகையில் வகுத்துக் காட்ட வேண்டியிருக்கும். சூரியன் சூரியனாக இருப்பதற்குக் காரணம் அதன் பருமன். பூமியைப் போல 109 உருண்டைகளை வரிசையாக வைத்தால்தான் அதன் குறுக்களவு நிரம்பும்.

மையத்தில் பிறந்த ஆற்றல் நேராக வெளியே வந்துவிடுவதும் இல்லை. அடர்த்தியான பொருளில் ஒளி ஒரு துளி தூரம் போகும், எதிலாவது முட்டும், வேறு பக்கம் திரும்பும், மறுபடியும் முட்டும். திருவிழாக் கூட்டத்தில் கையை விட்டுவிட்ட குழந்தை வாசலுக்கு வந்து சேர்கிற மாதிரி. அந்த ஆற்றல் மேற்பரப்பை எட்டப் பத்தாயிரக்கணக்கான ஆண்டுகள், ஒரு லட்சத்துக்கும் மேல்கூட, ஆகலாம் என்று மதிப்பிடுகிறார்கள். மேலே வந்தபிறகு தடையே இல்லை. 15 கோடி கிலோமீட்டரை 8 நிமிடம் 20 நொடியில் கடந்துவிடுகிறது. ஒளி ஒரு அலை. ஆனால் கடலலைக்குத் தண்ணீர் வேண்டியதுபோல அதற்கு எதுவும் வேண்டாம். மின்புலமும் காந்தப்புலமும் ஒன்றையொன்று எழுப்பிக்கொண்டே வெட்டவெளியில் போய்க்கொண்டிருக்கும். நடுவில் ஒன்றும் இல்லாததுதான் நமக்கு வசதி. வழியில் உறிஞ்சிக்கொள்ள யாரும் இல்லை.

அந்த மாணவி இதற்கு உடனே தலையாட்டவில்லை. "ஒண்ணுமே இல்லாத இடத்துல அலையா?" என்று திரும்பக் கேட்டாள். 19-ஆம் நூற்றாண்டின் பெரிய பெரிய இயற்பியலாளர்களும் அதையேதான் கேட்டார்கள். ஏதோ ஒரு ஊடகம் இருந்தே ஆக வேண்டும் என்று நம்பி, அதற்கு ஈதர் என்று பெயர் வைத்துத் தேடினார்கள். 1887-இல் மைக்கேல்சனும் மோர்லியும் நடத்திய சோதனையில் அது தட்டுப்படவில்லை. இதைக் கேட்டபோது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

இனி எனக்கு எப்போதும் மலைப்பு தருகிற கணக்கு. சூரியன் ஒவ்வொரு நொடியும் தன் எடையில் ஏறக்குறைய 42 லட்சம் டன்னை ஒளியாக மாற்றி எல்லாத் திசையிலும் வீசுகிறது. பூமி அதில் 220 கோடியில் ஒரு பங்கைத்தான் மறிக்கிறது. அதை எடையாகக் கணக்கிட்டால் நொடிக்கு இரண்டு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. இரண்டு உப்புப் பொட்டலம்! இந்த உலகத்தின் அத்தனை நெல்லும் மழையும் காற்றும் கடல் நீரோட்டமும் நொடிக்கு இரண்டு கிலோ வெயிலில் நடக்கின்றன. நான் பல தடவை போட்டுப் பார்த்த கணக்கு இது. ஒவ்வொரு முறையும் எங்கேயோ சைபர் விட்டுப்போயிருக்கும் என்றே தோன்றும். விடுவதில்லை.

2023 செப்டம்பர் 2 அன்று ஆதித்யா எல்1 ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பியதைப் பள்ளியில் எல்லோரும் சேர்ந்து பார்த்தோம். அப்போது அந்தத் திட்டத்தின் இயக்குநராக இருந்த நிகர் ஷாஜி செங்கோட்டைக்காரர். பக்கத்து ஊர்ப் பெண் என்று என் மாணவிகள் கைதட்டிய சத்தம் அடுத்த வகுப்பு வரை கேட்டது. இப்போது அந்த விண்கலம் பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி, சூரியன் இருக்கும் பக்கமாக, இரவோ கிரகணமோ மறைக்காத இடத்தைச் சுற்றிக்கொண்டு சூரியனையே பார்த்திருக்கிறது. அப்பாவின் பாத்தியில் விழப்போகிற ஒளி அதைத் தாண்டும்போது இங்கே வர இன்னும் 5 நொடி பாக்கி.

உப்பு வாருகிறவர்கள் விடிவதற்கு முன்பே அளத்துக்கு வந்துவிடுவார்கள். வெயில் ஏறிவிட்டால் உப்பின் வெள்ளையில் பட்டுத் தெறிக்கிற வெளிச்சம் கண்ணைப் பாழாக்கும். வாருபலகை இழுக்கும் அக்காக்களுக்கு நாற்பது வயதிலேயே பார்வை மங்குவதை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். சூரியனை வியக்கிற எவரும் அந்தக் கண்களையும் நினைக்க வேண்டும், அவர்களுக்கு நல்ல கறுப்புக் கண்ணாடி கிடைக்க வேண்டும் என்பது என் ஆசை. விடிவதற்கு முந்தைய அந்த இருட்டிலும் சூரியன் அவர்களைத் தொடாமல் இல்லை. மையத்தில் ஹீலியம் உண்டாகும்போதே நியூட்ரினோ என்ற துகள்களும் பிறக்கின்றன. அவை அநேகமாக எதிலும் முட்டாது. மையத்திலிருந்து சூரியனின் மேற்பரப்புக்கு இரண்டு மூன்று நொடியில் வந்துவிடும். விரல் நகம் அளவு இடத்தில், நொடிக்கு சுமார் 6,500 கோடி. இரவில் பூமியின் அந்தப் பக்கம் நுழைந்து, நம் பாதம் வழியாக ஏறி, உச்சந்தலை வழியாகப் போகின்றன. வெயில் பழையது, நியூட்ரினோ 8 நிமிடத்துக்கு முன் பிறந்தது.

சித்திரை பிறக்கும் சமயம் தூத்துக்குடியில் உச்சிவெயில் நேர் தலைக்கு மேலே வரும். ஒரு குச்சியை நட்டால் நிழல் அதன் காலடியிலேயே ஒடுங்கிவிடும். மறுபடி ஆகஸ்ட் கடைசியில் ஒருமுறை. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் எங்களுக்கு நல்ல விளைச்சல்.

அக்டோபர் வந்ததும், மழைக்கு முன்னால், அப்பா உப்பு அம்பாரங்களை மூடத் தொடங்கிவிடுவார். வங்கக் கடலிலும் அதே லிட்டருக்கு 24 லட்சம் ஜூல்தான். அங்கே பாத்தி இல்லை, வரப்பு இல்லை, கடல் முழுக்க ஆவியாகிறது. அந்த ஆவி மேலே போய்க் குளிர்ந்து மழைத்துளியாகும்போது, வாங்கிய வெப்பத்தை அப்படியே காற்றில் திருப்பிவிடுகிறது. புயலுக்குத் தீனி அந்த வெப்பம்தான். வடகிழக்குப் பருவமழை பாடம் எடுக்கும் வாரத்தில் பிள்ளைகளிடம் இந்த ஆண்டு கொடுக்கப்போகும் கணக்கும் அதுதான்: ஒரு சதுர கிலோமீட்டரில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் மேலே எத்தனை யூனிட் விடுபட்டிருக்கும்?