லா படிப்புக்கு நடுவுல ஒரு வருஷம் பிரேக் எடுக்குறீங்களா?

லா படிச்சிட்டிருக்கும்போது ஒரு வருஷம் நிறுத்தப் போறேன்னு சொன்னா, பாதிப்பேர் படிப்பு போச்சேன்னு பதறுவாங்க, மீதிப்பேர் சூப்பர், ஆன்லைன்ல நாலு சர்டிஃபிகேட் கோர்ஸ் முடிச்சிரு, இன்டர்ன்ஷிப்பா போட்டுத் தள்ளுன்னு லிஸ்ட்டே குடுப்பாங்க. எனக்கு இந்த ரெண்டாவது கூட்டத்தைப் பாத்தாதான் பயம். காலேஜ்ல பண்ணதையே வீட்ல உக்காந்து பண்றதுக்கு எதுக்குங்க பிரேக்? உடம்பு சரியில்லாமயோ பணக்கஷ்டத்துலயோ எடுத்த பிரேக்னா எதையும் சாதிக்க வேணாம், இதை மூடிட்டு நிம்மதியா தூங்குங்க. மத்தவங்க மேல படிங்க.

காலேஜ்ல நமக்கு சட்டம் சொல்லித்தர்றாங்க, சம்பவம் சொல்லித்தர்றதில்ல. நாம படிக்குற ஜட்ஜ்மென்ட் முக்காவாசி அப்பீல் கோர்ட் தீர்ப்பு, யார் யாரை என்ன பண்ணாங்கங்கிற சண்டையெல்லாம் கீழ்கோர்ட்லயே முடிஞ்சு, ரெண்டு பாராவுல சுருங்கி வந்திருக்கும். டோனஹ்யூ எதிர் ஸ்டீவன்சன் கேஸையே எடுத்துக்கோங்க, 1928ல ஸ்காட்லாந்துல ஒரு அம்மா குடிச்ச ஜிஞ்சர் பீர் பாட்டில்ல நத்தை இருந்துச்சுன்னு, அதைத் தயாரிச்ச ஸ்டீவன்சன் மேல கேஸ் போட்டாங்க, 1932ல தீர்ப்பு, எல்லாரும் பரீட்சையில எழுதியிருப்போம். ஆனா அந்த பாட்டில்ல நத்தை இருந்துச்சான்னு எந்த கோர்ட்டும் கடைசிவரைக்கும் விசாரிக்கவே இல்ல! அவங்க சொல்றது உண்மைன்னே வச்சுக்கிட்டா கேஸ் நிக்குமாங்கிறதை மட்டும்தான் அப்ப பிரிட்டனோட கடைசி அப்பீல் கோர்ட்டா இருந்த பிரபுக்கள் சபை பாத்துச்சு, 3க்கு 2ன்னு நிக்கும்னு சொல்லிருச்சு, சாட்சி விசாரணை நடக்குறதுக்குள்ள ஸ்டீவன்சன் இறந்துட்டாரு, கேஸ் சமரசத்துல முடிஞ்சிருச்சு. நெக்லிஜென்ஸ்னு, அதாவது ஒருத்தரோட அஜாக்கிரதையால வந்த நஷ்டத்துக்கு ஈடு கேக்குறதைப் பத்தி, இவ்ளோ பெரிய சப்ஜெக்ட், அந்த நத்தையை நிரூபிச்ச ஆள் யாருமில்ல.

அதனால இந்த ஒரு வருஷத்துல முதல் வேலையா விசாரணை கோர்ட்டுக்கு போங்க. குழந்தைங்க சம்பந்தப்பட்டது, குடும்ப வழக்கு மாதிரி சிலதைத் தவிர பெரும்பாலான நாடுகள்ல யார் வேணா உள்ள உக்காந்து பாக்கலாம். ஊர் சுத்திப் பாக்குற மாதிரி தினம் ஒரு ஹால் மாத்தாதீங்க, ஒரே கோர்ட்ல தொடர்ந்து உக்காருங்க, அப்பதான் ஒரு சாட்சி முதல் விசாரணையில என்ன சொன்னாரு, அப்புறம் குறுக்கு விசாரணையில எங்க தடுமாறுனாருன்னு சேத்துப் பாக்க முடியும். டிவில வர்ற மாதிரி யாரும் கத்த மாட்டாங்க, ஒரு வக்கீல் தேதியைக் கேப்பாரு, தூரத்தைக் கேப்பாரு, இந்த பேப்பரை எழுதுனது யாருன்னு கேப்பாரு, போர் அடிக்கும். பாதி நாள் வாய்தாதான். ஆனா அந்த வாய்தா எதுக்குங்கிறதை குறிச்சுக்கோங்க, சம்மன் போய்ச்சேரல, ரிப்போர்ட் வரல, வக்கீல் வேற கோர்ட்ல இருக்காருன்னு காரணம் ஒவ்வொண்ணா சேரச்சேர கோர்ட் நடைமுறையைச் சொல்ற ப்ரொசீஜர் கோட்ல வறட்சியா படிச்ச செக்‌ஷன் எல்லாம் எதுக்கு இருக்குன்னு புரிய ஆரம்பிக்கும். போன்ல ரெக்கார்ட் மட்டும் பண்ணிராதீங்க. பிரிட்டன், இந்தியா சுப்ரீம் கோர்ட்டு, ஹேக்ல இருக்குற சர்வதேச நீதிமன்றம் எல்லாத்துலயும் லைவா விசாரணை பாக்கலாம், வாதம் கத்துக்க நல்லது, ஆனா அங்க சாட்சி கூண்டு பாக்குறது அபூர்வம்.

அடுத்து சம்பளத்துக்கு ஒரு வேலை, அதுவும் லா ஆபீஸ் இல்லாத வேலை. இன்ஷூரன்ஸ் க்ளெய்ம் பாக்குற இடம், ஆஸ்பத்திரி பில்லிங், குடோன் ஸ்டாக் கணக்கு, கஸ்டமர் கம்ப்ளைன்ட் எடுக்குற சீட்டு, எதுவானாலும் சரி. நாளைக்கு உங்க கேஸ் கட்டுல வரப்போற பேப்பர் எல்லாம் இங்கதான் பொறக்குது. ஸ்டாக் ரெஜிஸ்டரை அன்னன்னைக்கே எழுதுறாங்களா, மாசக்கடைசியில மொத்தமா உக்காந்து ரொப்புறாங்களான்னு ஒருதரம் பக்கத்துல இருந்து பாத்தவனுக்கு, குறுக்கு விசாரணையில என்ன கேக்கணும்னு யாரும் சொல்லித்தர வேணாம்.

காலேஜ் ஆபீஸ் விஷயம் சீக்கிரமா சொல்லிடறேன். லீவு அனுமதியை எழுத்துல வாங்குங்க, டிகிரியை மொத்தம் எத்தனை வருஷத்துக்குள்ள முடிக்கணும்னு ரூல் இருக்கான்னு பாருங்க, ஸ்காலர்ஷிப் நிக்குமான்னு கேளுங்க. காலேஜ் லாகின் போச்சுன்னா வெஸ்ட்லா, லெக்ஸிஸ் மாதிரி காசு கட்டி தீர்ப்பு தேடுற சைட் எல்லாம் கட் ஆகலாம், அப்ப ஆஸ்ட்லீ, பெய்லீ, இந்தியன் கானூன் மாதிரி ஃப்ரீயா இருக்குற சைட்டே போதும். சட்டம் மாறுதான்னும் ஒரு கண்ணு வைங்க, இந்தியாவுல 2024 ஜூலை 1ல பழைய தண்டனைச் சட்டம் ஐபிசி போய் அதுக்குப் பதிலா பிஎன்எஸ் (பாரதிய நியாய சன்ஹிதா) வந்துச்சு, மோசடிக்கான நம்ம ஃபேமஸ் 420 இப்ப 318(4), அந்த வருஷம் பிரேக்ல இருந்துட்டு திரும்பிப் போனவங்க நிலைமையை நெனச்சுப் பாருங்க.

கடைசியா ஒண்ணு. வீட்ல சும்மா இருக்கீங்கன்னு தெரிஞ்சதும் சொந்தக்காரங்க, தெரிஞ்சவங்கன்னு ஒவ்வொருத்தரா அவங்க பிரச்சினையைத் தூக்கிட்டு வருவாங்க, ஒரு நோட்டீஸ் எழுதிக்குடுப்பான்னு கேப்பாங்க. எழுதிக்குடுக்காதீங்க, நீங்க இன்னும் வக்கீல் கிடையாது, அட்வைஸும் வேணாம். அதுக்காக தொரத்தியும் விட்றாதீங்க. அவங்க முன்னபின்ன கலந்து சொல்றதை எல்லாம் பொறுமையா கேட்டு, தேதிவாரியா ஒரே பக்கத்துல எழுதி, எந்தத் தேதிக்கு எந்தப் பேப்பர் கையில இருக்குன்னு பக்கத்துலயே குறிச்சு, அதை எடுத்துக்கிட்டு ஒரு வக்கீல்கிட்ட போகச் சொல்லுங்க. போயிட்டு வந்ததும் அந்த வக்கீல் முதல்ல என்ன கேள்வி கேட்டாருன்னு மட்டும் மறக்காம விசாரிங்க, பெரும்பாலும் நீங்க எழுதாம விட்ட தேதியைப் பத்தித்தான் இருக்கும்.