எஸ்எம்பிஎஸ் மேல பல்லி விழுந்தா என்ன பலன்?

வெள்ளிக்கிழமை ராத்திரி எட்டரை மணி இருக்கும். கம்ப்யூட்டர்ல ஏதோ பாத்துட்டிருக்கேன், டேபிளுக்கு அடியில டப்புன்னு ஒரு சத்தம், வீடே இருட்டு. எம்சிபி ட்ரிப் ஆயிருச்சு. ஹால்ல நியூஸ் பாத்துட்டிருந்த அப்பா "என்னத்தடா நோண்டுன"ன்னு கேக்குறாரு. நான் எதையுமே நோண்டாம நடந்த முதல் விபத்து இதுதான், ஆனா அதை யாரு நம்புவா. அடுத்து கிச்சன்ல இருந்து அம்மா, "வெள்ளிக்கிழமையும் அதுவுமா எந்த வீட்டுலடா கருவாடு சுடுறாங்க?"

நம்ம வீட்டுலதாம்மா.

எஸ்எம்பிஎஸ்ஸ, அதாவது கம்ப்யூட்டருக்கு கரண்டு குடுக்குற பவர் சப்ளை டப்பாவ, கழட்டி வெளிய எடுத்தேன். உடனே கைய வச்சிரல, போன தடவை வாங்குன அடி ஞாபகம் இருக்கு. 230 வோல்ட் ஏசி டிசியா மாறி 325 வோல்ட்டு கிட்ட சார்ஜை சேத்து வைக்குற அந்த பெரிய கெபாசிட்டர்ல போய் உக்காந்திருக்கும், பிளக்கைப் புடுங்குனாலும் கொஞ்ச நேரம் அங்கேயேதான் இருக்கும். அதனால ஹோல்டர்ல மாட்டுன 60 வாட்ஸ் பல்ப் ஒண்ணை ரெண்டு வயரோட அதுக்குன்னே வச்சிருக்கேன். அதை கெபாசிட்டர் கால்ல கொஞ்ச நேரம் வச்சு மிச்ச சார்ஜை எறக்கிட்டு போர்டைத் திருப்புனா, அடியில ஒரு குட்டிப் பல்லி, நல்லா மொறுமொறுன்னு.

அம்மா எட்டிப் பாத்தாங்க. அய்யோ பாவம்னாங்க. அப்புறம் நேரா போய் காலண்டரைத் திருப்பி பின்னாடி இருக்குற பல்லி விழும் பலனைப் படிக்க ஆரம்பிச்சிட்டாங்க. தலையில விழுந்தா கலகம்னு போட்டிருக்காம். "எஸ்எம்பிஎஸ்க்கு எதும்மா தலை"ன்னு கேட்டேன், "கரண்டு வர்ற எடம்"னாங்க. டெக்னிக்கலா பாத்தா கரெக்டுதான், ஏன்னா பல்லி செத்துக் கெடந்தது, உள்ள வர்ற ஏசிய டிசியா மாத்துற பிரிட்ஜ் ரெக்டிஃபையரோட ஏசி காலுக்கும் ப்ளஸ் காலுக்கும் குறுக்க.

கண்ணாடி ஃப்யூஸ் உள்ள கருகருன்னு இருந்துச்சு. கம்பி மட்டும் நைசா அறுந்திருந்தா ஓவர்லோடுன்னு சொல்லலாம், இப்படி உள்ள மை பூசுன மாதிரி இருந்தா எங்கயோ முழு ஷார்ட்டு. இது எனக்குத் தெரியும். தெரிஞ்சும் அடுத்து என்ன பண்ணேன்னு கேளுங்க.

பிரிட்ஜ் போர்டுல இருக்கும்போதே டெஸ்ட் பண்ணா பக்கத்துல இருக்குற கெபாசிட்டர் எல்லாம் சேந்து ரீடிங்கைக் கொழப்பும்னு நாலு காலையும் டீசோல்டர் பண்ணி தனியா எடுத்துட்டேன். உள்ள இருக்குறது கரண்டை ஒரு பக்கமா மட்டும் விடுற நாலு டையோடு, அவ்ளோதான். மல்டிமீட்டரை டையோடு மோடுல வச்சு, சிவப்பு முள்ளை மைனஸ் கால்ல, கருப்பை ஏசி கால்ல வச்சா 500 சொச்சம் வரணும், அதாவது அரை வோல்ட்டு. சிவப்பு ஏசில, கருப்பு ப்ளஸ்ல, அதே அரை வோல்ட்டு. மைனஸ்ல இருந்து நேரா ப்ளஸ்ஸுக்கு பாத்தா ரெண்டு டையோடு வரிசையா இருக்குறதால ஒரு வோல்ட்டு பக்கம். முள்ளை மாத்திப் புடிச்சா எதுவும் வரக்கூடாது, நம்ம மஞ்சள் மீட்டர்ல சும்மா "1" நிக்கும்.

எனக்கு எல்லாத்துலயும் "1". இப்படிப் புடிச்சாலும் 1, அப்படிப் புடிச்சாலும் 1. நாலு டையோடும் ஒரே நேரத்துல ஓப்பன், அதாவது உள்ள அறுந்து போச்சு. ஃப்யூஸ் ஷார்ட்டுன்னு சொல்லுது, மீட்டர் ஓப்பன்னு சொல்லுது, நான் மீட்டரை நம்புனேன், ஏன்னா அது நான் காசு போட்டு வாங்குனது.

மறுநாள் காலைல சைதாப்பேட்டைல இருந்து வண்டிய எடுத்துட்டு, சென்னைல எலக்ட்ரானிக்ஸ் சாமான் விக்குற ரிச்சி ஸ்ட்ரீட். அதே நம்பர் பிரிட்ஜ், ஜிபியு606, 6 ஆம்பியர் 600 வோல்ட்டு, 30 ரூபா. வீட்டுக்கு வந்து, மாட்டுறதுக்கு முன்னாடி புதுசையும் டெஸ்ட் பண்ணுவோம்னு (என்ன ஒரு முன்ஜாக்கிரதை!) மீட்டரை வச்சா அதுலயும் எல்லாம் "1". வந்துச்சு பாருங்க கோவம். மதியானம் வெயில்ல திரும்ப ரிச்சி ஸ்ட்ரீட், "அண்ணே டூப்ளிகேட் பீஸ் குடுத்திருக்கீங்க"ன்னு கடை வாசல்ல நின்னு ஒரு சவுண்டு விட்டேன். அஞ்சாறு பேரு திரும்பிப் பாத்தாங்க.

கடைக்காரரு ஒண்ணும் பேசல. தன்னோட மீட்டர்ல வச்சாரு. 521, 519, எல்லாமே சுத்தம். பழசை வாங்கி வச்சாரு, ஒரு ஏசி காலுக்கும் ப்ளஸ்ஸுக்கும் நடுவுல 000, முள்ளைத் திருப்புனாலும் 000. "இது ஷார்ட் தம்பி. ஒரு டையோடை பல்லி பைபாஸ் பண்ணிருச்சு, மொத்த கரண்டும் எதுத்த டையோடு தலையில வந்துருக்கு. உங்க மீட்டர் கொண்டாந்தீங்களா?" குடுத்தேன். "டெஸ்ட் பண்றதுக்கு முன்னாடி ரெண்டு முள்ளையும் முட்டிப் பாத்தீங்களா?"

இல்லண்ணே.

சிவப்பு வயரு 10 ஆம்பியர் ஓட்டைல சொருகியிருந்துச்சு. போன வாரம் பைக் பேட்டரி சார்ஜிங் கரண்டு பாத்துட்டு அப்படியே வச்சிட்டேன். அந்த ஓட்டைல சொருகிட்டு டையோடு என்ன, இரும்புக் கம்பியவே டெஸ்ட் பண்ணாலும் "1"தான் வரும். "நல்லவேளை இதோட பிளக் பாயிண்ட்ல வோல்டேஜ் பாக்கல, அந்த ஓட்டை கிட்டத்தட்ட வெறும் வயரு, கையிலயே வெடிச்சிருக்கும்"னு மெதுவாதான் சொன்னாரு, ஆனா அந்த அஞ்சாறு பேருக்கும் நல்லா கேட்டுச்சு. நான் இன்னொரு பிரிட்ஜும் ரெண்டு ஃப்யூஸும் தேவையே இல்லாம வாங்கிட்டு கெளம்பிட்டேன்.

புதுசை மாட்டி, ஃப்யூஸ் போட்டு, லைன்ல வரிசையா மாட்டுன 100 வாட்ஸ் சீரீஸ் பல்ப் வழியா கரண்டு குடுத்தேன். பல்ப் பளிச்னு எரிஞ்சு அப்படியே மங்கிருச்சு. எரிஞ்சுகிட்டே இருந்தா இன்னும் ஷார்ட்டு இருக்குன்னு அர்த்தம், மங்குனா கெபாசிட்டர் நெறஞ்சிருச்சுன்னு அர்த்தம். எஸ்எம்பிஎஸ்ஸ ஆன் பண்ண அதோட பச்சை வயரையும் கருப்பு வயரையும் ஜெம் கிளிப்ல சேத்தேன், ஃபேன் சுத்துச்சு. அப்பா வந்து பாத்துட்டு "அப்ப நேத்து நீ நோண்டலயா"ன்னாரு. அம்மா காலண்டரைக் காட்டி "கலகம்னு போட்டிருந்துச்சுல்ல, கடைல போய் சண்டை போட்டுட்டு வந்திருக்கான்"னாங்க. பதில் சொல்ல முடியல.

மீட்டர்ல அந்த 10 ஆம்பியர் ஓட்டை மேல இப்ப ஒரு ஸ்டிக்கர் பொட்டு இருக்கு. அம்மாவோடது, மெரூன் கலர்.